கீழே பார்த்த கேமரா

மணி நாலே கால். குழந்தையைக் கடைசியாகப் பார்த்து நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. கேமராவில் மிச்சமிருந்த பேட்டரி ஆறு நிமிடம்.

டீச்சரும் நானும் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தபோது உள்ளே நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். மேஜை விளிம்பில் ஒரு காலைத் தொங்கப் போட்டபடி இன்ஸ்பெக்டர். ஜன்னல் பக்கம், நர்ஸ் உடுப்போடு டியூட்டியிலிருந்து நேராக ஓடி வந்த அம்மா. கதவோரம் கழுத்தில் விசிலோடு விளையாட்டு மாஸ்டர். நடுவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டுக்கு மாதம் ஒருமுறை உயிர் கொடுப்பவர். அந்தப் பழக்கத்தில்தான் டீச்சருக்குப் போன் செய்து, பேச முடியாமல் அழுதிருந்தார்.

டீச்சரைப் பற்றி ஒரு வரி. இருபது வருடம் கணக்கு நடத்தியவர். பாடம் நடத்துவதைவிட, விடைத்தாளில் காப்பி அடித்தவனைப் பிடிப்பதில்தான் ருசி அதிகம் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். என்னைப் பற்றி அரை வரி போதும். அவரிடம் சேருவதற்கு முன் ஒன்பது வருடம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் நின்று வீடியோ கேமரா விற்றேன். என் வாய் அங்கே வளர்ந்தது. அதனால் டீச்சர் எனக்கு வைத்த பெயர் ஸ்பீக்கர்.

விஷயம் இதுதான். கணவனும் மனைவியும் பிரிந்து எட்டு மாதம். ஏழு வயது மகள் அம்மாவிடம். சனிக்கிழமை மட்டும் அப்பாவிடம். இன்று சனிக்கிழமை, பள்ளியில் விளையாட்டு விழா. திங்கட்கிழமை கோர்ட்டில் குழந்தை யாரோடு இருப்பது என்று முடிவாக வேண்டிய நாள். போன தடவை கோர்ட் வராந்தாவில் அப்பா, 'என் பொண்ண விட மாட்டேன்' என்று நாலு பேர் கேட்கக் கத்தியிருக்கிறார். இன்று பகல் ஒன்றரை மணிக்கு ரிலே ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டபோது குழந்தையைக் காணோம். அப்பா அவள் வகுப்போடு இருக்கிறாள் என்று நினைத்திருந்தார். வகுப்பு ஆசிரியை அவள் அப்பாவோடு இருக்கிறாள் என்று நினைத்திருந்தார். பன்னிரண்டேகாலுக்கு மெடலோடு அவளைப் பார்த்ததுதான் கடைசி.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிற ரகம். அப்பாவே குழந்தையை யாரிடமோ கொடுத்து ஊரை விட்டு அனுப்பிவிட்டார் என்பது அவர் முடிவு. அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். இந்த விழாவுக்காகவே அப்பா புதிதாக வாங்கிய ஹெச்டி வீடியோ கேமரா. காலையிலிருந்து இருபத்து மூன்று துண்டு படம் எடுத்திருந்தார். அந்த இருபத்து மூன்றில் ஒன்றில்கூடக் குழந்தையின் முகம் இல்லை. எல்லாம் தரை. செருப்பு. புல். பேன்ட்டின் நுனி.

“மகள் ஓடினத எடுத்தேங்கறார், மெடல் வாங்கினத எடுத்தேங்கறார். எங்க?” என்றார் இன்ஸ்பெக்டர். “ஊர ஏமாத்த கேமராவத் தூக்கிட்டு நடந்திருக்கார். அஞ்சு மணிக்கு இவர ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க வாய் திறப்பார்.”

அவருடைய ஆட்கள் பஸ் ஸ்டாண்டையும் ரயில் நிலையத்தையும் அலசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தேட ஆள் இல்லை.

“நான் எடுத்தேன் சார்,” என்றார் அப்பா. நூறாவது முறையாகச் சொல்கிறவரின் குரல் அது. “அவ ஓடினப்ப என் கையெல்லாம் நடுங்குச்சு. ஆனா எடுத்தேன்.”

ஜன்னல் பக்கமிருந்து அம்மா திரும்பாமலே பேசினார். “மூணு வாரம் பாத்துப் பாத்து கேமரா வாங்கினாராம். மூணு மணி நேரம் புள்ளையப் பாத்துக்க முடியல.”

அந்த மூன்று வாரத்துக்கும் சாட்சியாக மேஜையில் ஒரு நோட்டு கிடந்தது. ஐந்து கேமராக்களைக் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தார் மனிதர். எவ்வளவு தூரம் கிட்டே இழுக்கும், மங்கிய வெளிச்சத்தில் எப்படி எடுக்கும், கை நடுங்கினால் படம் நடுங்குமா, ஹெட்போன் செருக இடம் உண்டா. வாங்க வருகிறவர்கள் எல்லாம் இப்படி வந்திருந்தால் நான் ஒன்பது வருடத்தில் பொய்யே சொல்லியிருக்க வேண்டாம். தேர்வும் நல்ல தேர்வு. நானாக இருந்தாலும் அதைத்தான் அவர் தலையில் கட்டியிருப்பேன்.

சார்ஜரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். வீடு போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். படத்தை அந்த அறையில் வேலை செய்த ஒரே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹெச்டி ஃபைலைத் தாங்காமல் அது திரை நீலமாகிச் செத்துக் கிடந்தது. போலீஸ்காரர்கள் எல்லாத் துண்டுகளையும் கேமராவின் சின்னத் திரையிலேயே ஓட்டிப் பார்த்து, பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தார்கள்.

டீச்சர் ஒரு துண்டை மட்டும் ஓட்டச் சொன்னார். முதல் துண்டு. கொடி பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நிற்பது ஒரு விநாடி தெரிந்தது. பிறகு படம் சரிந்து தரைக்கு வந்தது. அப்பாவின் ஷூ நடந்தது, நடந்தது, நின்றது. படம் மேலே எழும்பி, ஓட்டப் பாதையின் வெள்ளைக் கோட்டைக் காட்டியதும் அறுந்தது.

“போதும், நிறுத்து,” என்றார் டீச்சர். “ஸ்பீக்கர், நீ ஒரு படம் எடுக்கணும்னா கேமராவ எந்தப் பக்கம் கொண்டு போவ?”

“கண்ணுக்கு நேரா, டீச்சர். எங்க கடையில ஒருத்தர் தொப்பைக்கு நேரா பிடிப்பார். அவர் எடுத்த கல்யாணத்துல எல்லாருக்கும் இடுப்பு மட்டும்தான்.”

“எடுத்து முடிச்சதும்?”

“கை தானா கீழ எறங்கும்.”

“அப்ப தொடங்கும்போது படம் மேல ஏறணும். முடியும்போது கீழ எறங்கணும். இதுல தொடங்கும்போது எறங்குது, முடியும்போது ஏறுது.”

எனக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. அடப் பாவி மனிதா. கடையில் வாரத்துக்கு இரண்டு பேர் இதே கதையோடு திரும்பி வருவார்கள். கேமரா பழுது என்று சண்டை போடுவார்கள். நான் அப்பாவிடம் குனிந்து, காலையில் திரையைத் திறந்தவுடன் பட்டனை அமுக்கினீர்களா என்று கேட்டேன். ஆமாம், கொடி அணிவகுப்பு தொடங்கிவிட்டது, அவசரமாக அமுக்கினேன் என்றார். திரையில் அப்போது என்ன தெரிந்தது? வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. எடுக்கும்போது முன்னால் எரிகிற சிவப்பு விளக்கு? அதைப் பார்த்தால் மகள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று முதல் நாளே அணைத்து வைத்துவிட்டாராம்.

இன்ஸ்பெக்டருக்கு நான் விளக்கினேன். திறந்ததும் இந்தக் கேமரா கண் விழிக்க மூன்று விநாடி ஆகும். அதற்குள் அமுக்கினால் அது கணக்கில் சேராது. இவர் எடுக்கிறோம் என்று நம்பி அணிவகுப்பைக் காட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும், நிறுத்துகிறோம் என்று அமுக்கினார். அப்போதுதான் அது எடுக்கத் தொடங்கியது. அடுத்து மகள் ஓடியபோது ஆசையோடு அமுக்கினார், அது நின்றுபோனது. நாள் முழுக்க இப்படியே. ஒவ்வொரு முறையும் கண் விழிக்கக் காத்திருக்க வேண்டாம் என்று திரையை மூடவும் இல்லை.

“அப்போ இவர் எடுத்தது எதுவும் இல்ல,” என்றார் இன்ஸ்பெக்டர். “அது இவருக்கு என்ன சாட்சி?”

“இவர் எடுக்காதது எல்லாம் இருக்கு,” என்றார் டீச்சர். “மகளோட நின்ன நேரம், பேசின நேரம், அதெல்லாம்தான் இதுல இருக்கு.”

அம்மா முதல்முறையாகத் திரும்பினார்.

பேட்டரி நாலு நிமிடம் என்று காட்டியது. டீச்சர் அப்பாவிடம், எடுத்ததாக நினைத்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார். கொடி அணிவகுப்பு, ஓட்டம், தவளை ஓட்டம், மேடை, தலைமை ஆசிரியர் பேச்சு, மெடல், அதற்குப் பிறகு அப்பாக்களுக்கான கயிறு இழுக்கும் போட்டி. அதோடு போதும் என்று நிறுத்தி, டீச்சர் விரல் விட்டு எண்ணினார். மெடலுக்கும் கயிறுக்கும் நடுவே உள்ளது ஆறாவது துண்டு. அது பன்னிரண்டு நிமிடம் நீளம்.

“நாலு நிமிஷத்துல பன்னெண்டு நிமிஷத்த எப்படி டீச்சர் பாக்கறது?”

“கடைசியிலேர்ந்து பாப்போம். கயிறு இழுக்கற எடத்துக்கு இவர் தனியாத்தான் போயிருக்கார். அப்போ அவ பிரிஞ்சது அதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

அதை ஒருமுறை போலீஸ்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் படத்திலிருந்த மைதானத்து ஒலிபெருக்கி அலறலில் வேறு எதுவும் கேட்கவில்லையாம். நான் செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிக் கேமராவில் செருகினேன். ஐந்து கேமராவில் இரண்டில்தான் அந்தத் துளை உண்டு. மூன்று வாரம் நோட்டுப் போட்டது வீண் போகவில்லை. ஒரு காதை அப்பாவிடம் கொடுத்து மறு காதை நான் வைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். கடைசி ஒரு நிமிடத்துக்குத் தள்ளி ஓட்டினேன்.

தரை. அப்பாவின் கறுப்பு ஷூ. அதற்கு எதிரே வெள்ளைக் கான்வாஸ் ஷூ, ஒரு கயிறு அவிழ்ந்து. ஒலிபெருக்கி யாரையோ மேடைக்குக் கூப்பிட்டது. அதற்கு அடியில், என் காதுக்குள், சின்னக் குரல்.

“அப்பா. தலை வலிக்குது.”

பதில் இல்லை. கேமராவின் மெனுவில் எதையோ தட்டும் டிக் டிக் சத்தம்.

“அப்பா, அங்க போய்ப் படுத்துக்கவா? நிழலா இருக்கு. மெத்தை இருக்கு.”

டிக். டிக்.

“அப்பா, போகவா?”

“ம்ம். போ, போ.”

வெள்ளை ஷூ திரும்பியது. படத்தை விட்டுப் போனது.

பக்கத்தில் இருந்தவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஒலி முடிந்த பிறகும் அழுத்திப் பிடித்தபடி இருந்தார். தான் பேசியது அவருக்கு நினைவில்லை. அது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யார் சொன்னா, என்ன சொன்னாங்கறது அப்புறம். எங்க போனா?”

“மெத்தை,” என்றேன். “நிழல்ல மெத்தை.”

விளையாட்டு மாஸ்டர் குறுக்கிட்டு, உயரம் தாண்டும் போட்டி இந்த வருடம் இல்லை, மைதானத்தில் மெத்தையே போடவில்லை என்றார். டீச்சர் என்னிடம் டிவியில் இணைக்கும் வயரைக் கேட்டார். கேமரா பெட்டியோடு வந்த வயர் அப்பாவின் பையில் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் செருகினேன். பேட்டரி ஒரு நிமிடம். துண்டின் கடைசி விநாடி, கயிறு இழுப்பதைக் காட்ட அவர் கேமராவைத் தூக்கிய நேரம். படம் தரையிலிருந்து கிளம்பி மைதானத்தைத் துடைத்துக்கொண்டு போனது. நிறுத்தினேன். கொஞ்சம் பின்னால். இன்னும் கொஞ்சம்.

மதில் ஓரம் மரத்தடியில் ஒரு மூடு வேன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே நீல மெத்தைகள் அடுக்கியிருந்தன. பக்கவாட்டில் எழுத்து.

'முடிகூடத் தெரியும் சார்' என்று ஒன்பது வருடம் ஹெச்டி விற்றிருக்கிறேன். ஒருநாளும் நான் அதை நம்பியதில்லை. அன்று அந்த டிவியில் வாடகைக் கடையின் பெயர் எழுத்துக்கு எழுத்து படித்தேன். படித்து முடித்ததும் டிவி கறுப்பானது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

மாஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. அது விளையாட்டுச் சாமான் வாடகைக்கு விடும் கடையின் வேன். தடை ஓட்டச் சட்டங்களும் கொடிக்கம்பங்களும் கொண்டு வந்தது. மெத்தைகள் வேறு பள்ளிக்குப் போய்த் திரும்பியவை, இறக்கவே இல்லை. அதை அவர் மறந்தே போயிருந்தார். வேலை முடிந்த சாமான்களை ஏற்றிக்கொண்டு வேன் ஒரு மணிக்கே போய்விட்டது. சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கிடங்கை மூடிவிடுவார்கள்.

“மறுபடி எப்ப திறப்பாங்க?” என்று அம்மா கேட்டார்.

மாஸ்டர் விசிலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். திங்கட்கிழமை.

ஜீப்பில் கிடங்குக்குப் பறந்தோம். இன்ஸ்பெக்டர் கடைக்காரருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார், மணி மட்டும் அடித்தது. அம்மா கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு வேன், மூடிய கதவு, மூன்றரை மணி நேரம், இந்த வெயில். அவர் நர்ஸ். எங்கள் யாருக்கும் தெரியாத கணக்கு அவருக்குத் தெரியும். அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கிடங்கின் வெளிக்கதவைக் கான்ஸ்டபிள் ஏறிக் குதித்துத் திறந்தார். முற்றத்தில், நட்ட நடு வெயிலில், அந்த வேன் நின்றது. பின்கதவில் பூட்டு. இன்ஸ்பெக்டர் அதைக் கல்லால் உடைக்கப் போனார். அப்பா அவர் கையைத் தள்ளிவிட்டார். நாங்கள் வந்ததிலிருந்து அவர் யாரையும் தொட்டது அதுதான் முதல் தடவை. இடுப்பில் இருந்த சாவிக் கொத்திலிருந்து ஒரு சின்ன நெம்புகோலை எடுத்துப் பூட்டை விட்டுவிட்டுக் கதவுக் கீலின் முள்ளுக்குப் போனார். கை துளியும் நடுங்கவில்லை. தினமும் பூட்டிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை அவருடையது.

வேலை செய்துகொண்டே கதவை இரண்டு தட்டுத் தட்டி, அவர் பாட்டுக்குப் பேசினார்.

“பயப்படாதீங்க. கதவுல சாயாம நில்லுங்க. ரெண்டே நிமிஷம், தொறந்துடுவேன்.”

லிஃப்ட்டுக்குள் மாட்டிய முகம் தெரியாதவர்களுக்கு அவர் சொல்வது. சொந்த மகளை 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. உள்ளிருந்து பதில் வரவில்லை.

கீழ் முள் வந்தது. மேல் முள் வந்தது. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. முன்னால் கொடிக்கம்பங்கள், சட்டங்கள். மெத்தை அடுக்குக்குப் பின்னால், தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் முகத்தை வைத்துக் குழந்தை கிடந்தாள். அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் காற்று வந்திருக்கிறது. தலைமுடி ஒட்ட நனைந்து, கழுத்தில் மெடல்.

அம்மா எங்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளி உள்ளே ஏறினார். கையைப் பிடித்தார், கண்ணிமையைத் தூக்கினார், மூக்கருகே கன்னத்தை வைத்தார். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியாது.

“இருக்கா,” என்றார். “தண்ணி. நெறைய தண்ணி. துணி நனைங்க.”

குழந்தையை ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்து, நனைத்த துணியால் சுற்றினார். ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரம். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியிருந்தார். இன்ஸ்பெக்டர் நிம்மதியில் கோபக்காரர் ஆகியிருந்தார். மனிதர்கள் அப்படித்தான். உள்ளே பார்க்காமல் கதவை மூடிய லோடுமேன் யார், அவன் கதை இன்றோடு முடிந்தது, குழந்தையை ஆசை காட்டி வண்டியில் ஏற்றியதும் அவனாகத்தான் இருக்கும் என்று வரிசையாக அடுக்கினார். அப்பாவின் தோளில் தட்டி, தப்பாக நினைத்துவிட்டேன் என்றும் சொன்னார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். கேமரா செத்துப்போயிருந்தது. அந்தக் குரலைக் கேட்டது இரண்டு பேர்தான். திங்கட்கிழமை கோர்ட். பேசாமல் இருந்தால் போதும், மனிதர் கெட்டிக்கார அப்பாவாக வெளியே வருவார். நானாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், இருந்திருப்பேன்.

“அந்த ஆள் ஏத்தல சார்,” என்றார் அப்பா. இன்ஸ்பெக்டரிடம் பேசினாலும் அவர் பார்த்தது ஜீப்புக்குள். “நான்தான் போன்னு சொன்னேன்.”

அம்மாவின் கை நின்றது.

“தலை வலிக்குதுன்னா. அங்க போய்ப் படுத்துக்கவான்னா. நான் கேமராவ நோண்டிட்டு இருந்தேன். என்ன கேக்கறான்னே கேக்காம போ போன்னு சொல்லிட்டேன். அதுலயே பதிவாகியிருக்கு.”

“கேட்டாளா?” என்றார் அம்மா. “உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போனாளா?”

“மூணு தடவ கேட்டா.”

அம்மா, மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, குழந்தையின் நெற்றிமேல் தன் நெற்றியை வைத்து அழுதார். “கேக்காம எங்கயும் போகக் கூடாதுன்னு தெனம் சொல்லுவேன்டி,” என்று அவளிடமே சொன்னார். “கேட்டுட்டுத்தான போன. நீ கேட்டுட்டுத்தான போன.”

அப்பா ஜீப்பை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து, வழி விட்டு நின்றார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். குழந்தையின் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்து, சீட்டின் ஓரத்தில் ஒரு ஆள் உட்கார இடம் பண்ணினார்.

“ஏறுங்க,” என்றார். “மத்ததெல்லாம் கோர்ட்ல பேசிக்கலாம். கண்ணு முழிச்சா மொதல்ல உங்களத்தான் கேப்பா.”